கத்திரி – 3

ஆர்டர் தாளில் 'நிறம்' என்ற கட்டத்துக்கு எதிரே
ஒரே ஒரு சொல்: கார்டோவன்.
ஆயிரத்து எண்ணூறு ஜோடி. ஆண்கள். லேஸ் வைத்தது.

ஸ்ப்ரே பூத்திலிருந்து தஸ்தகீர்
"கார்டு ஓவனா? கேக் சுடவா?" என்றான்.
நான் ஆள் பெயர் என்றே நினைத்தேன்.
நமக்கு 'அன்' வந்தால் ஆண்பால், ஒருமை.
வாசுதேவன், கார்டோவன்:
இரண்டாம் ஷிஃப்டுக்கு அரைமணி பிந்தி வந்து
மாதனூர் தாண்டி வேன் பஞ்சர் என்கிறவன்.

ஷேடு ரூமில் என் வேலை
பார்த்த நிறத்தைக் கலப்பது.
பார்க்காததைக் கலக்கச் சொன்னார்கள்.
மெயிலில் வந்த படம்
ஒவ்வொரு போனிலும் ஒரு நிறம் காட்டிற்று.
முதல் துண்டு அனுப்பினோம்: சிவப்பு அதிகம்.
அடுத்தது: ஊதா தெரிகிறது.
மூன்றாவதற்குப் பதிலே இல்லை.
நான்காவதற்கு:
நெருங்கிவிட்டீர்கள், ஆனால் கார்டோவன் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில்
சோப்புக்கும் போகாத சாயவிரலால்
போனில் அகராதியைத் தள்ளிக்கொண்டே போனேன்.
ஸ்பெயினில் ஓர் ஊராம், கோர்தோபா.
அங்கே பதனிட்ட ஆட்டுத்தோலுக்கு
ஊர்ப் பெயரே பெயராகி,
கப்பலேறி, கடைமாறி,
வழியில் எங்கோ உதடு தளர்ந்து 'ப' 'வ'வாகி,
ஆட்டை விட்டுக் குதிரைத்தோலுக்குத் தாவி,
கடைசியில் தோலையும் கழற்றிப் போட்டுவிட்டு
வெறும் நிறமாக நிற்கிறது,
ஆங்கிலத்தில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால், பவ்வியமாக.

அரபியில் அந்த ஊர் குர்துபா என்று படித்ததும்
ஹாஜிரா நிமிர்ந்தாள்.
"வாணியம்பாடியில எங்க சின்ன மாமு கடை!
குர்துபா ஃபுட்வேர்!"
ஏதோ காலண்டரில் பார்த்த பள்ளிவாசல்,
சிவப்பும் வெள்ளையுமாய் வரிவரியாய் வளைவுகள்,
அழகாயிருக்கிறதே என்று வைத்த பெயர்.
தோல் விஷயம் அவருக்குத் தெரியாது.
தெரியாமலே சொல்
எட்டு நூற்றாண்டு சுற்றி
செருப்புக்கடை போர்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.
சப்பாத்து தைக்கிறவனை ஆங்கிலேயர்
ஒருகாலத்தில் அந்த ஊர்ப் பெயரிட்டே அழைத்தார்களாம்.
சங்கம் இருந்ததாம். கொடி இருந்ததாம்.
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
எங்கள் ஊரில் தோலைத் தொட்டவனுக்கு
வைத்த பெயர் வேறு.
அதுவும் அடைமொழிதான்.
தெருவுக்கு முன்னால் வரும்,
குழாய்க்கு முன்னால் வரும்,
என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில்
அவர் பெயருக்கும் முன்னால் வந்தது.
இங்கே எழுதமாட்டேன்.

ஹாஜிரா டப்பாவைத் திறந்தாள்.
நேற்றைய கல்யாணத்து மிச்சம்.
ஆம்பூர் என்ற பெயருக்குத் தமிழில் விகுதி ஒட்டவேண்டாம்,
பக்கத்தில் நின்றாலே அடையாகிவிடும்.
ஆனால் அது பிரியாணிக்குப் பக்கத்தில் மட்டுமே நிற்கிறது.
இத்தனை ஷூ போகிறது,
ஒன்றின் நாக்கிலும் ஊர்ப் பெயர் இல்லை.
தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்,
ராத்திரி முழுக்கப் புளியில் ஊறி
எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கிய தோல்.

சாப்பிடவில்லை.
கரண்டியோடு ஷேடு ரூமுக்கு ஓடினேன்.
ட்யூப் லைட்டில் ஒருமுறை,
ஜன்னல் வெயிலில் ஒருமுறை.
கறுப்பு இரண்டு சொட்டு,
மஞ்சள் ஒன்று, பிறகு பயந்து பயந்து இன்னொன்று.
முதல் தொட்டி கொட்டினேன். இரண்டாவதும்.
மூன்றாவதில் தோல்
அந்தத் தோலைப் போலாயிற்று.

வியாழக்கிழமை பதில் வந்தது:
இதுதான் கார்டோவன்.
எங்கள் கார்டோவனில் இவ்வளவு ஆழம்
இதற்குமுன் பார்த்ததில்லை என்று ஒரு வரி கூடுதலாக.

பெட்டியில் அவர்கள் சொன்னதை அச்சடித்தோம்.
கலவைப் பதிவேட்டில்,
எழுபத்தோராம் பக்கத்தில்,
என் கையெழுத்தில் இருப்பது: கத்திரி – 3.

அதற்குள் கட்டிங்கிலிருந்து யாரோ கத்துகிறார்கள்,
மெஷின் சத்தத்துக்கு மேலே,
கத்திரி மூணு இன்னும் நாப்பது அடி வேணும்.